மலை முடியும் இடம்

அப்புத்தளையிலிருந்து தம்பேதன்னைத் தோட்டத்துக்குச் செல்லும் வீதி தேயிலைத் தொழிற்சாலையோடு நின்றுவிடுவதில்லை. தொழிற்சாலைக்கு அப்பால் ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் தூரம், தேயிலை மலைகளைச் சுற்றிச் சுற்றி மேலேறி, ஈற்றில் ஒரு முனையை அடைகின்றது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,970 மீற்றர் உயரத்திலுள்ள அம்முனைக்கு ‘லிப்டன் இருக்கை’ என்று பெயர். ஊரார் ‘லிப்டன் சீட்’ என்பர். அங்கே நின்று தெற்கு நோக்கினால், காலடியிலே மலை சட்டென்று முடிந்துவிடுகின்றது. அதன் கீழே சரிவுகள், அவற்றின் கீழே காடுகள், அவற்றுக்கும் அப்பால் வெயிலில் மங்கிக் கிடக்கும் சமவெளி, இடையிடையே வெள்ளித் தகடு போன்று மின்னும் குளங்கள். வானம் தெளிந்த நாளில் அம்பாந்தோட்டைப் பக்கத்துக் கடலும் தெரியும். ஆனால், விடியற்காலையிற் போய்விடவேண்டும். வெயில் ஏற ஏறச் சமவெளியின் சூடான காற்று குத்துச்சரிவைத் தழுவி மேலெழுந்து குளிர்ந்து மஞ்சாகிவிடும். ஒன்பது பத்து மணிக்குப் பின்னர் வருகின்றவர் பெரும்பாலும் வெண்திரையை மாத்திரமே கண்டு திரும்புவர்.

நான் யாழ்ப்பாணத்துச் சமதரையிலே பிறந்தவன். எங்கள் ஊரில் உயரம் என்று சொல்லத் தக்கவை பனையும் கோயிற் கோபுரமுமே. ஊவா மாகாணத்துப் பாடசாலை ஒன்றிற் புவியியல் ஆசிரியனாகப் பல ஆண்டுகள் கழித்தபோதுதான் நிலம் எழுந்து நிற்பதையும், எழுந்து நின்ற நிலம் திடீரென்று முறிந்து வீழ்வதையும் கண்டேன். ஆகவே, ஆண்டுதோறும் மாணவர்களை அம்முனைக்கு அழைத்துச் செல்வதை ஒரு வழக்கமாகக் கொண்டிருந்தேன். அவ்வழக்கத்தினால் எனக்கு நேர்ந்த ஒரு பாடத்தையே இங்கே எழுத நினைக்கின்றேன்.

2011ஆம் ஆண்டு பெப்பிரவரி மாதம். பத்தாம் வகுப்பு மாணவர் முப்பது பேருடன் விடியுமுன் ஏறிச் சென்றோம். மஞ்சு விலகியதும் பிள்ளைகள் ஆரவாரித்தனர். ஒருவன் மட்டும் ஆரவாரம் செய்யாமல், ஓரத்துக் கம்பியைப் பிடித்தபடி கீழே எதையோ தேடிக்கொண்டு நின்றான். தென்சரிவில் உள்ள ஒரு தோட்டத்துப் பையன். தாயும் தந்தையும் கொழுந்து மலையில் வேலை செய்பவர்கள்.

“அந்தா தெரியிது பாருங்க சேர், தகரக் கூரை. அதுதான் எங்க லயம்,” என்றான். அவன் சுட்டிய இடத்திலே தீப்பெட்டிகளை அடுக்கினாற்போல ஒரு வரிசை தெரிந்தது. சிறிது நேரம் கழித்து, “மலை ஏன் சேர் இந்த எடத்துல மட்டும் வெட்டுனாப்புல முடிஞ்சி போகுது?” என்று கேட்டான்.

நல்ல வினா. நானும் மகிழ்ந்து, பாறையின் வரலாற்றை விரித்துரைத்தேன்.

இலங்கையின் மத்திய மலைநாடு உருமாறிய பாறைகளால் ஆனது. ஒரு காலத்திற் கடலடியிற் படிந்த மணலும் சேறும் சுண்ணமும், அவற்றினூடே புகுந்த தீப்பாறைகளும், பூமியின் உள்ளே இருபது கிலோமீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்திற்குத் தள்ளப்பட்டு, 800 பாகை செல்சியசுக்கும் அதிகமான வெப்பத்தில் வெந்து, நெரிந்து, புதுப் பாறைகளாக மாறின. அம்மாற்றம் நிகழ்ந்து ஏறத்தாழ 55 முதல் 61 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அப்பொழுது இலங்கை ஒரு தீவன்று. இந்தியா, மடகாசுகர், அந்தாட்டிக்கா ஆகியவற்றோடு ஒட்டிக்கொண்டு, கொண்டுவானா என்னும் பெருங்கண்டத்தின் உள்ளே கிடந்தது. அந்தக் கண்டம் பிளந்து, எங்கள் நிலம் அந்தாட்டிக்காவை விட்டுப் பிரிந்தது பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னர். இவற்றோடு ஒப்பிட்டால், யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நேற்றுப் பிறந்த குழந்தை. மயோசீன் காலத்துக் கடலிற் படிந்தது.

அம்முனையைச் சுற்றியுள்ள மலைகளிற் பரவலாகக் காணப்படும் பாறைகளுள் ஒன்று சாணக்கைற்று. கருநீலச் சாயலும் எண்ணெய் பூசினாற்போன்ற மினுக்கமும் உடைய வன்கல் அது. அதன் பெயரில் ஒரு தமிழ்நாட்டுச் செய்தியும் உண்டு. கல்கத்தாவிலே யோப் சாணக் என்னும் ஆங்கில வணிகரின் கல்லறைக்குச் சென்னையை அடுத்த பல்லாவரப் பக்கத்துக் கல் கொண்டு செல்லப்பட்டிருந்தது. அதனை ஆராய்ந்த தோமஸ் ஹொலண்ட் என்ற புவிச்சரிதவியலாளர் 1893இல் அக்கல்லுக்குச் சாணக்கின் பெயரைச் சூட்டினார். பல்லாவரத்துக் குன்றும் அப்புத்தளை மலையும் கல்லினத்தால் உறவின என்பதை நினைக்க எனக்கு எப்போதும் ஒரு களிப்பு. இப்பாறைகளை முறையாக ஆராய்ந்தவர்களுள் முன்னோடி யார் என்று மாணவரைக் கேட்டால் ஒருவரும் சொல்வதில்லை. கலாயோகி ஆனந்த குமாரசுவாமிதான் அவர். இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் முதற் பணிப்பாளராயிருந்து, 1904இல் தோரியனைற்று என்னும் புதிய கனிப்பொருளைக் கண்டறிந்த அவர், கல்லை ஆராய்ந்த பின்னரே கலையை ஆராயப் புகுந்தார்.

மலை ஏன் முறிந்து நிற்கின்றது என்பதைப் பற்றிப் பெரியதொரு விவாதம் நிகழ்ந்தது. கனடா நாட்டு அறிஞர் பிராங்க் டோசன் அடம்ஸ் 1929இல் இலங்கையின் நிலத்தை மூன்று படிகளாகக் கண்டார். கரையோரத்துத் தாழ்ந்த சமவெளி முதற்படி. அதற்கு மேலே குன்றுகள் நிறைந்த இடைப்படி. மலையுச்சி மேட்டுநிலங்கள் மூன்றாம் படி. நிலம் விட்டுவிட்டு உயர, மழையும் ஆறும் ஒவ்வொரு முறையும் அதைத் தேய்த்துத் தேய்த்துச் சமவெளியாக்கின என்பது அவர் கொள்கை. 1938இல் இலங்கை அரசின் கனிப்பொருளியலாளராக வந்த இந்தியப் பேரறிஞர் தா. நோ. வாடியா 1943இல் இதனை மறுத்தார். தேய்மானத்தால் மட்டும் இத்தகைய மதில்கள் எழா; நிலப்பாளங்கள் வெடிப்புகள் வழியே மேலே தள்ளப்பட்டனவே படிகளாயின என்றார். பின்வந்த ஆய்வாளர்கள் பாறையின் வன்மை மென்மை, மடிப்பு, ஆறுகளின் பின்னோக்கிய அரிப்பு ஆகியவற்றுக்கும் பெரும் பங்கு உண்டென்பர். விளக்கம் எதுவாயினும் படிகள் கண்முன்னே உள்ளன. தெற்குப் படியின் விளிம்பிலே, அல்துமுல்லைப் பக்கத்திற் பம்பரகந்தை நீர்வீழ்ச்சி 263 மீற்றரும், கொஸ்லந்தைக்கு அண்மையில் தியலும 220 மீற்றரும் வீழ்கின்றன. நாட்டின் மிக உயர்ந்த அருவிகள் இரண்டும் ஒரே மதிலின்மேல் இருப்பது தற்செயலன்று. அதே மதில் மேற்கே நீண்டு, ஹோட்டன் சமவெளியில் ‘உலக முடிவு’ ஆகின்றது. அங்கே 2,100 மீற்றருக்கு மேற்பட்ட புல்வெளியில் நடந்து செல்கின்றவன், கிட்டத்தட்ட 880 மீற்றர் ஆழமான பள்ளத்தின் விளிம்பிலே திடுக்கிட்டு நிற்கின்றான்.

இவற்றையெல்லாம் கூறி முடித்தேன். பையன் சற்று யோசித்தான்.

“அப்ப மேல இருக்கிறதெல்லாம் கீழ வந்துகிட்டேதான் இருக்குமா சேர்?”

நான் சிரித்தேன். “அது இலட்சக்கணக்கான ஆண்டுகளில் நடக்கிற காரியம். நீ பயப்படாதே,” என்று அவன் தோளிலே தட்டினேன். மற்றப் பிள்ளைகளும் சிரித்தார்கள். அவன் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

பிள்ளைகளுக்கு அன்று வரலாறும் சொன்னேன். கீழே தெரியும் சமவெளியின் கிழக்குப் புறத்தில், வெல்லவாயவுக்கு அண்மையிலுள்ள ரந்தெனிவெலவிலே, 1630ஆம் ஆண்டு போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா தன் படையோடு அழிந்தான். பதுளையைச் சூறையாடித் திரும்பும் வழியிற் கண்டியரசின் படைகளிடம் அகப்பட்டான். மலையை அறியாதவனுக்கு மலை தந்த தண்டனை அது. அதன் பின் இரண்டு நூற்றாண்டு கழித்துக் கோப்பி வந்தது. 1869இல் இலையிலே கண்ட துருநோய் கோப்பியை அழிக்க, 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1885இல் நானுஓயாவை எட்டிய புகையிரதப் பாதை, 1,898 மீற்றர் உயரமான பட்டிப்பொலவைக் கடந்து, 1924இற் பதுளையை அடைந்தது. கிளாஸ்கோ நகரிலே கடை நடத்திச் செல்வந்தரான தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். தம்பேதன்னைத் தொழிற்சாலை எழுந்ததும் அவ்வாண்டே. அவர் இம்முனையில் அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்த்து மகிழ்வார் என்பர். இப்பொழுது அவருடைய சிலையும் அங்கே அமர்ந்திருக்கின்றது.

ஹோட்டன் சமவெளிக்கும் இவ்வாறே, 1831 முதல் 1837 வரை ஆண்ட தேசாதிபதி வில்மட் ஹோட்டனின் பெயர் வந்தது. சிங்கள மக்கள் அதை வழங்கிய பெயர் ‘மகா எலிய’. பெருவெளி என்று நாம் சொல்லலாம். பார்த்தவர்களின் பெயர் இடங்களில் நின்றுவிட்டது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, நடையிலே நோய்க்கும் பசிக்கும் பலரைப் பலிகொடுத்து, மலையேறிக் காடு வெட்டி, கல் உடைத்து, இப்பாதைகளைப் போட்டவர்களின் பெயர் எந்த முனைக்கும் இல்லை. அவர்களின் வழிவந்தோரிற் பெரும்பாலோர் 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964இல் இரு பிரதமர்களின் உடன்படிக்கையால் எண்ணிப் பங்கிடப்பட்டனர். எஞ்சியோரின் உரிமைக் குறையைத் தீர்க்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. இவற்றையும் அன்று சொன்னேன். சரித்திரத்தைச் சரியாகச் சொன்னேன் என்றே வீடு திரும்பினேன்.

2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29ஆந் திகதி காலை, கொஸ்லந்தைக்கு மேலேயுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலைச்சரிவு பெயர்ந்து வந்தது. வரிசை வரிசையான லயங்கள் ஒருசில நிமிடங்களில் மண்ணுக்கு அடியிற் போயின. பெற்றோரை இழந்த பிள்ளைகளும், பிள்ளைகளை இழந்த பெற்றோரும் பாடசாலை மண்டபங்களிற் கூடியிருந்தார்கள். பலருடைய உடல்கள் ஒருபோதும் எடுக்கப்படவில்லை. அவ்விடம் அபாயமானது என்ற எச்சரிக்கை ஆண்டுகளுக்கு முன்னரே ஆய்வாளரால் விடுக்கப்பட்டிருந்தது. போகச் சொன்னவர்கள் இருந்தார்கள். போவதற்கு இடம் கொடுத்தவர்கள் இல்லை.

அன்று மாலை எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அந்தப் பையன்தான். அப்போது கொழும்பிலே ஒரு கடையில் வேலைக்கு நின்றான். அவன் வீட்டார் நலமா என்று பதறிக் கேட்டேன்.

“எல்லாரும் இருக்காங்க சேர். அது எங்க தோட்டம் இல்ல,” என்றான். பிறகு சிறிது நேரம் பேசவில்லை. “ஆனா அதே மலைதான் சேர்.”

நான் அவன் தோளிலே தட்டிச் சொன்ன வார்த்தையை அவன் எனக்கு நினைவூட்டவில்லை. நினைவூட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

அதன்பின் நான் சொன்ன விடையை நானே திருத்திப் படிக்கலானேன். இலட்சக்கணக்கான ஆண்டு என்றது பொய்யன்று. ஆனால், அது ஒரு சராசரிக் கணக்கு. ஆற்று மணலிலுள்ள படிகங்களில் விண்கதிர்கள் பதித்த அடையாளத்தை அளந்து, இந்த மலைகள் தேயும் வேகத்தை அறிஞர்கள் கணித்திருக்கின்றார்கள். உச்சி மேட்டுநிலம் ஆயிரம் ஆண்டுக்கு ஒருசில மில்லிமீற்றர் மாத்திரமே தேய்கின்றது; குத்துச்சரிவோ அதைவிடப் பத்து மடங்கு விரைவாகத் தேய்கின்றது. அப்படியிருந்தும் அது மெதுவான தேய்மானமே. ஆனால், அந்த மில்லிமீற்றர்கள் நாளுக்கு நாள் பங்கிட்டு வருவன அல்ல. நூறாண்டு ஒன்றும் வராதிருந்து, ஒரு காலையில் ஒரு மலைச்சரிவு முழுவதுமாக வரும். கணக்கிற் பார்த்தால் அது சிறு துளி. அதன்கீழ் வீடு கட்டியிருப்பவனுக்கு அதுவே உலக முடிவு.

அன்றியும், இயற்கையின் வேகத்தோடு மனிதனின் வேகமும் சேர்ந்துகொண்டது. மகாவலியின் மேற்படுகையில் நடந்து 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பயிர் செய்யப்பட்ட சரிவுகளிலிருந்து இயற்கையளவைக் காட்டிலும் பத்து முதல் நூறு மடங்கு விரைவில் மண் போகின்றது என்று காட்டிற்று. காடு இருந்தபோது அதன் வேர்கள் மண்ணைப் பிணைத்து வைத்தன. இலைகள் மழையின் அடியைத் தாங்கின. காடு போன பின்பு மழை நேரே மண்ணிலே வீழ்ந்தது.

மதிலின் அடியில் என்ன இருக்கின்றது என்பதையும் நான் மாணவருக்குக் காட்டியதில்லை. வன்கல்லாயினும், வெடிப்புகளின் வழியே புகும் மழைநீரால் அது உள்ளுக்குள் களிமண்ணாக இற்றுப்போகின்றது. இறாத பகுதிகள் உருண்டைப் பாறைகளாகக் களிமண்ணிடையே கிடக்கின்றன. இக்கலவை காலந்தோறும் மேலிருந்து சரிந்து, மதிலின் அடியிலே தடித்த போர்வையாகக் குவிகின்றது. குத்துச்சரிவிற் குடியிருக்க முடியாது. குவிந்த மண்ணின்மேல் முடியும். ஏனெனில் அங்கே சரிவு சற்றுத் தணிவு, ஊற்று நீர் உண்டு, மண் வளமானது. ஆகவே, பழைய சரிவுகளின் முதுகிலே லயங்கள் எழுந்தன. உச்சிக்குளிரும் நல்ல காட்சியும் உள்ள இடத்திற் பங்களா எழுந்தது. ஒக்ரோபர், நவம்பர் மாதங்களில் இடைப்பருவ மழை ஊவாவில் விடாது பெய்யும். நீர் போர்வைக்குள் இறங்கி, அடிப்பாறையின்மேல் தேங்கி, மண்துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கித் தூக்குகின்றது. மண்ணின் பாரம் கூடுகின்றது, பிடிப்போ குறைகின்றது. வடிகால் அடைபட்டிருந்தால் இது விரைவில் நடக்கும். ஈற்றிற் போர்வை முழுவதும் பாறையை விட்டு நழுவுகின்றது.

நழுவுமுன் அது அறிவிப்பும் தருகின்றது. நிலத்திலும் சுவரிலும் புது வெடிப்புகள் தோன்றும். நேராய் நின்ற மரங்கள் சாயும். கதவுகள் நிலையிற் பொருந்தா. தெளிந்த ஊற்று கலங்கிவரும், அல்லது திடீரென்று நின்றுபோகும். இவற்றை அறிந்த பத்து வயதுப் பிள்ளை ஒரு லயத்தையே காப்பாற்றலாம். நான் இருபது ஆண்டு புவியியல் கற்பித்தேன், கொண்டுவானாவைக் கற்பித்தேன், அடம்சையும் வாடியாவையும் கற்பித்தேன். இந்த நான்கு அடையாளங்களைக் கற்பித்ததில்லை. பாடத்திட்டத்தின்மேற் பழிபோட எனக்கு மனம் வரவில்லை. கேட்ட பிள்ளை என் பக்கத்திலேயே நின்றான்.

இதனாற் காட்சிமுனைகளை வெறுக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. இப்போதும் அப்புத்தளைக்குப் போனால் அம்முனைக்கு ஏறாமல் திரும்புவதில்லை. மஞ்சு விலகும் கணத்தில் என் நெஞ்சு இன்றும் முதல் நாளைப் போலவே விம்முகின்றது. அந்த அழகை உண்டாக்கியதும் அந்த அழிவை உண்டாக்கியதும் ஒரே காரணம் என்பதை மாத்திரம் மறக்காமல் நிற்கப் பழகியிருக்கின்றேன். மலை உடைந்துகொண்டிருப்பதனாலேதான் அங்கே காட்சி இருக்கின்றது. உடையாத மலையிற் காட்சிமுனை இல்லை.

மீரியபெத்தையில் தப்பியோரிற் சிலருக்குப் பின்னர் வேறிடத்தில் வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. அது நல்ல காரியம். ஆனால், தென்சரிவு முழுவதிலும் இன்னும் எத்தனையோ தகரக் கூரைகள் பழைய மண்போர்வையின்மேல் வெயிலில் மின்னிக்கொண்டிருக்கின்றன. மேலிருந்து பார்ப்பவருக்கு அவை படத்தின் ஓர் அழகான மூலை.

பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும், இளம் ஆசிரியர்கள் அழைத்தால் மாணவரோடு அம்முனைக்குப் போகின்றேன். இப்பொழுது கடலை முதலிற் காட்டுவதில்லை. “காலடியைப் பாருங்கள். கூரைகளை எண்ணுங்கள். எந்தக் கூரைக்கு மேலே எந்தச் சரிவு இருக்கின்றது என்று வரையுங்கள்,” என்பேன். பிள்ளைகள் அப்பியாசப் புத்தகத்திலே வரைவார்கள். தங்கள் வீட்டையே வரைகின்ற பிள்ளையும் ஒவ்வொரு முறையும் இருக்கும். அதன் பின்னரே குளங்கள், சமவெளி, கடல்.

அன்று அந்தப் பையன் கேட்ட வினாவுக்கு, மேல இருக்கிறதெல்லாம் கீழ வந்துகொண்டேதான் இருக்குமா என்ற வினாவுக்கு, நான் சொல்லியிருக்கவேண்டிய விடை இதுதான்: ஆம், வந்துகொண்டேயிருக்கும், அதை நாம் நிறுத்த முடியாது. அது வருமுன் கீழே இருப்பவர்களுக்கு வேறு நிலம் கொடுக்க நம்மால் முடியும்.